நிலவேம்பு யாருக்குப் போலி?

வியட்நாமிய மொழியில் ‘சுயென் தாம் லியென்’ என்றொரு மூலிகைப் பெயர் வழங்குகிறது. மூன்று அசைகளும் சீனத்திலிருந்து வந்தவை: துளைத்தல், நெஞ்சம், தாமரை. சீனர் ‘சுவான் சின் லியான்’ என்று சொல்வதை வியட்நாமியர் தம் ஒலிமரபுக்கேற்ப வாசித்ததால் பிறந்த வடிவம் அது. குறிக்கப்படும் செடிக்கும் தாமரைக்கும் எவ்வித உறவும் இல்லை. நெஞ்சைத் துளைக்கக்கூடியது அதனிடம் ஏதேனும் உண்டென்றால் அது கசப்பு ஒன்றுதான். போர் முடிந்தபின் வந்த பங்கீட்டுக் காலத்தில், எந்த நோயோடு போனாலும் அந்த ஒரு மருந்தே கையில் கொடுக்கப்பட்டது என்பதை வியட்நாமில் முதியோர் இன்றும் பாதிக் கேலியாக நினைவுகூர்வர். பன்னாட்டு மருந்தியல் கட்டுரைகள் பலவற்றில் அச்செடி ‘மரபுவழிச் சீன மூலிகை’ என்றே அறிமுகமாகிறது.

அது நிலவேம்பு. கன்னடத்தில் நெலபேவு, தெலுங்கில் நேலவேமு, மலையாளத்தில் நிலவேப்பு. தாவரவியலில் ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலாட்டா.

இந்தியத் துணைக்கண்டமும் இலங்கையுமே அதன் தாயகம். ஆண்ட்ரோகிராஃபிஸ் என்னும் பேரினத்தின் சிற்றினங்களில் பெரும்பாலானவை தீபகற்ப இந்தியாவில்தான் வளர்கின்றன. சீனத்தின் மாபெரும் மூலிகைத் தொகுப்பான, 1596இல் அச்சேறிய லீ ஷிசெனின் நூலில் இச்செடி இல்லை. தென்சீன மூலிகைகளைப் பற்றி 1932இல் வந்த ஒரு குறிப்பு நூலில்தான் அது முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. குவாங்டோங், ஃபூஜியான் மாகாணங்களில் பயிராகி, சோதிக்கப்பட்டு, மருந்துநூலில் ஏறியதெல்லாம் அதற்குப் பின்னர். ஆக, ‘மரபுவழிச் சீன மூலிகை’யின் சீன மரபுக்கு வயது ஒரு நூற்றாண்டைத் தொடவில்லை. இதில் சீனரைக் குறைசொல்ல ஏதுமில்லை. வந்த செடிக்குத் தம் மொழியில் பெயரிட்டனர். அந்தப் பெயரையே தம் மருந்துநூலின் தலைப்பில் வைத்தனர். அந்தத் தலைப்பு மொழி கடந்து வியட்நாமுக்கும் சென்றது. தாய்லாந்தினர் ‘ஃபா தலாய் சோன்’ என்று வேறொரு பெயரிட்டு, கொரோனாத் தொற்றுக் காலத்தில் அதனை அரசு மருந்தாகவே கொடுத்தனர். வானமே கள்வரை வீழ்த்துகிறது என்பது அப்பெயரின் பொருள். செடி வந்தேறி, பெயர் தலைமகன்.

செடி மண்ணின் மகனாகவும் பெயர் வாசலில் நிற்பதாகவும் இருக்கும் இடம் ஒன்று உண்டு. அது பெங்களூரு உள்ளிட்ட தென்னிந்தியப் பல்கலைக்கழகங்களின் மூலிகை ஆய்வேடு.

பெங்களூரைத் தனியே சுட்டுவதற்குக் காரணம் உண்டு. இந்திய மூலிகைகளைப் பட்டியலிடும் வேலையில் இந்நகரம் செய்ததுபோல் வேறெந்த நகரமும் செய்யவில்லை எனலாம். உள்ளூர் நலவாழ்வு மரபுகளைப் புத்துயிர்ப்பிப்பதற்கான அறக்கட்டளை 1993இல் இங்கே தொடங்கப்பட்டது. எலகங்காவை அடுத்து இன்று அதுவே ஒரு பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்ற கருத்துக்கு இந்திய அறிவியல் கழகத்தின் மாதவ் காட்கிலும் உடன் உழைத்தோரும் 1990களில் உருக்கொடுத்தது இங்கிருந்துதான். வேத், கோராயா ஆகிய இருவரின் 2008ஆம் ஆண்டு ஆய்வு இந்தியச் சந்தையில் 960 மூலிகைச் சிற்றினங்கள் புழங்குவதாகவும், அவற்றுள் 178 ஆண்டுக்கு 100 மெட்ரிக் டன்னுக்கு மேல் நுகரப்படுவதாகவும் கணக்கிட்டது. அதற்கு முதல் தேவை, வணிகர் நாவில் வழங்கும் பெயர்களைத் தாவரங்களோடு பொருத்துவது. இந்த நகரத்து அறிஞர் பலர் பெயரின் அருமை தெரிந்தவர்கள். ஆனால், அவர்கள் திரட்டியவற்றை எடுத்தாளும் அடுத்த தலைமுறை ஆய்வேடுகளில் நடப்பது வேறு.

அங்கே ஓர் அட்டவணை இருக்கும். முதற்கட்டத்தில் இலத்தீன் பெயர், அடுத்ததில் குடும்பம், மூன்றாவதில் சமஸ்கிருதப் பெயர், நான்காவதில் ‘வட்டாரப் பெயர்’. அந்த நான்காவது கட்டத்துள் தமிழும் கன்னடமும் தெலுங்கும் துளுவும் காற்புள்ளி இட்டு அடைக்கப்பட்டிருக்கும், அதுவும் ரோமன் எழுத்தில், மேற்குறியோ கீழ்க்குறியோ இல்லாமல். லகர, ளகர, ழகரங்கள் ஒன்றாகும்; குறிலும் நெடிலும் ஒன்றாகும். எந்த ஊரில், யார் வாயில், எந்தப் பருவத்தில் கேட்ட பெயர் என்பதற்கு இடமே இல்லை. முந்தைய ஆய்வேட்டில் நேர்ந்த எழுத்துப்பிழையும் அடுத்த ஆய்வேட்டில் பழுதுபடாமல் தொடர்வதைப் பார்த்தால், பெயர்கள் கேட்கப்படவில்லை, படியெடுக்கப்பட்டன என்பது விளங்கும். சமஸ்கிருதம் மட்டும் ஏன் ‘வட்டார’த்துக்குள் வருவதில்லை என்ற கேள்வியை வாய்மொழித் தேர்வில் கேட்பவர் அரிது.

இது எழுத்துமுறை பற்றிய சிறு குறையென்று ஒதுக்குவோர் உளர். அவர்கள் நிலவேம்பின் கதையைச் சற்றே பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

மருந்தறிவியல் பாடநூல்களில் ‘சிராத்தா’ என்ற தலைப்பில் ஓர் இமயமலைச் செடி உண்டு. சமஸ்கிருதத்தில் கிராததிக்தம், தாவரவியலில் ஸ்வெர்ஷியா. 1839இல் எடின்பரோ மருந்துநூலில் இடம்பெற்றதால் அதற்கு ஆங்கில மருத்துவத்திலும் ஒரு மதிப்பு வந்தது. அந்தத் தலைப்பின் கீழே, ‘கலப்படங்களும் போலிகளும்’ என்ற துணைத்தலைப்பில், மாணவர் தவறாமல் மனனம் செய்யும் பெயர் ஒன்று இருக்கிறது: ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலாட்டா. சிராத்தா கேட்ட இடத்தில் நிலவேம்பை விற்றால் அது கலப்படந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே மாணவர் தமிழ்நாட்டில் நாட்டு மருந்துக் கடைக்கோ, சிக்கபேட்டைப் பக்கத்துக் கிரந்திகெ அங்கடிக்கோ போய் நிலவேம்பு என்றோ நெலபேவு என்றோ கேட்டு, உரிய செடியையே வாங்கிவந்து ஆய்ந்துவிட்டு, ‘சந்தையில் சிராத்தாவுக்குப் பதிலி புழங்குகிறது’ என்று முடிவுரை எழுதுகிறார். கேட்ட பெயர் ஒன்று, எழுதிய பெயர் வேறொன்று. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அட்டவணை சொன்னது.

வங்கத்தில் இச்செடி காலமேகம் என்ற தன் சொந்தப் பெயரில், குழந்தைகளின் வயிற்றுக்கோளாறுக்கான வீட்டு மருந்தாக வாழ்கிறது. ஆகவே இது வடக்கு, தெற்கு என்னும் எளிய சண்டையன்று.

இலங்கையில் கதை இன்னும் நுட்பமாகிறது. சிங்கள மருத்துவத்தில் ‘பின் கொஹொம்ப’ என்பது மதிப்பும் விலையும் மிக்க ஒரு சிறுசெடி. பெயரின் பொருள் நிலவேம்பேதான். ஆனால் அது முன்ரோனியா என்னும் வேறொரு தாவரம். வேடிக்கை என்னவென்றால், அது மெய்யாகவே வேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண்ட்ரோகிராஃபிஸைச் சிங்களர் ‘ஹீன் பின் கொஹொம்ப’ என்பர். ஹீன் என்றால் சிறியது, நுண்ணியது. முன்ரோனியா அரிதாகிவிட்டதால் ஆண்ட்ரோகிராஃபிஸ் அதற்குப் பதிலாக விற்கப்படுகிறது. ‘ஹீன்’ என்ற ஒரு சிறு அடைமொழி இருக்கும்வரை இரண்டும் இரண்டு. வணிகம் அதை விழுங்கியதும் இரண்டும் ஒன்று. இவ்வாறு ஒரே செடி, வடக்கே ஒன்றுக்கும் தெற்கே மற்றொன்றுக்கும் போலியாகிவிட்டது. தன் பெயரில் தான் தலைப்பாக நிற்கும் உரிமையைச் சீனமும் வியட்நாமும் கொடுத்திருக்க, பிறந்த மண்ணின் கல்விப்புலம் கொடுக்கவில்லை.

‘பூநிம்பம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லை முன்வைத்து ஒரு வாதம் அடிக்கடி எழும். பூமி, நிம்பம், அதன் மொழிபெயர்ப்புத்தான் நிலவேம்பு என்பது அவ்வாதம். சான்று கேட்டால், இரண்டுக்கும் பொருள் ஒன்று என்பதே சான்றாகக் காட்டப்படும். பொருள் ஒன்றாயிருப்பது இரு சொற்களுக்கும் தொடர்புண்டு என்பதைத்தான் காட்டும். எது எதிலிருந்து சென்றது என்பதைக் காட்டாது. நிகண்டுகளில் பூநிம்பம் பெரும்பாலும் கிராததிக்தத்தின் மறுபெயராக, அதாவது இமயமலைச் செடியின் பெயராக வருகிறது. தென்னாட்டு மொழிகள் நான்கும் அதே அமைப்புச் சொல்லால் தம் சமவெளிச் செடியைக் குறிக்கின்றன. சிங்களம் அதே அமைப்பால் இன்னொன்றைக் குறிக்கிறது. தரையை ஒட்டி வளரும் கசப்புச் செடி ஒவ்வொன்றையும் கண்டு மக்கள் தனித்தனியே இப்படிப் பெயரிட்டிருக்கலாம், தெற்கிலிருந்து சொல் வடக்கே போயிருக்கலாம், வடக்கிலிருந்தும் வந்திருக்கலாம். ஒரு முனைவர் பட்டத்துக்கே போதுமான கேள்வி இது. ஆனால் அட்டவணையின் மூன்றாவது கட்டத்தில் சமஸ்கிருதமும் நான்காவதில் ‘வட்டார’மும் வைக்கப்பட்ட அந்தக் கணமே, கேள்வி எழுமுன் விடை எழுதப்பட்டுவிடுகிறது. மூலம் இடப்பக்கம், மொழிபெயர்ப்பு வலப்பக்கம். எவரும் வாதாடாமலேயே தீர்ப்பு.

மக்கள் இட்ட பெயர்களுக்கு வகைப்பாட்டு அறிவு கிடையாது என்ற எண்ணமும் இதன் அடியில் கிடக்கிறது. பெங்களூரு வீட்டுச் சமையலறையிலிருந்தே இதைச் சோதிக்கலாம். தாளிக்கும் கறிவேப்பிலை கன்னடத்தில் கரிபேவு. தெருவோரத்து மரம் பேவு. பண்ணைக் காடுகளில் வளர்க்கும் மலைவேம்பு ஹெப்பேவு. கஷாயத்துக்கு நெலபேவு. தமிழில் இவற்றோடு சிவனார்வேம்பும் சேரும். தாவரவியல் கணக்கில் கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம், சிவனார்வேம்பு அவரைக் குடும்பம், நிலவேம்பு ஆடாதோடைக் குடும்பம்; வேம்பும் மலைவேம்பும் மட்டுமே உறவினர். இதைக் கண்டு நகைக்கும் மாணவர், வேம்பு என்பது இங்கே குலப்பெயராக இல்லை என்பதைக் காணத் தவறுகிறார். இலையமைப்பாலோ சுவையாலோ பயனாலோ வேம்பை நினைவூட்டும் ஒன்று. அதனைப் பிரித்தறிய நிலம், மலை, கறி என ஓர் அடைமொழி. பூவின் உறுப்புகளைக் கொண்டு வகுப்பது ஒரு முறை, சுவையைக் கொண்டு வகுப்பது இன்னொரு முறை. சுவையையே மருந்தின் முதல் அடையாளமாகக் கொள்ளும் சித்த மருத்துவத்துக்கு இரண்டாவதுதான் வேலைக்கு உதவும். 1911இல் கோர்ட்டர் நிலவேம்பிலிருந்து பிரித்தெடுத்த ஆண்ட்ரோகிராஃபோலைடு கசப்புப்பொருள். ஸ்வெர்ஷியாவின் கசப்புப் பொருள்கள் வேதியியலில் முற்றிலும் வேறானவை. நாக்குக்கு ஒன்றாகப் படுவதையும், அடைமொழியால் வேறென அறியப்படுவதையும் பெயர் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. புறக்காழ், அகக்காழ் என்று தாவரத்தைப் பிரித்த இலக்கண மரபின் மொழியில் இது வியப்புக்குரியதும் அன்று.

எதிர்த்தரப்பின் வலிமையான சான்று பிரஸ்ஸல்ஸ் நகரத்திலிருந்து வருகிறது. அதை மழுப்பிச் செல்வது நேர்மையாகாது. 1990களின் தொடக்கத்தில் அந்நகரில் உடல் மெலிவுக்காகச் சீன மூலிகைக் கலவை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 1993இல் லான்செட் இதழில் அது வெளியாயிற்று. பாதிக்கப்பட்டோர் தொகை பின்னர் நூற்றைக் கடந்தது. கலவையில் இருக்க வேண்டியது ஸ்டெஃபானியா, இருந்தது அரிஸ்டோலோக்கியா. இரண்டும் சீனத்தில் ஃபாங்ஜி, வியட்நாமியத்தில் ‘ஃபோங் கீ’. பெயரை நம்பினால் இதுதான் கதி, ஆகவே இலத்தீனைத் தவிர வேறெதுவும் கூடாது என்பர்.

ஆனால் நடந்தது என்ன? சீனத்தில் ஸ்டெஃபானியாவுக்கு ஃபென் ஃபாங்ஜி என்றும் அரிஸ்டோலோக்கியாவுக்குக் குவாங் ஃபாங்ஜி என்றும் பெயர். ஒன்றில் மாவுத்தன்மையைச் சுட்டும் அடைமொழி. மற்றதில் ஊரைச் சுட்டும் அடைமொழி. மொழி அவ்விரண்டையும் பிரித்தே வைத்திருந்தது. அடைமொழியை உதிர்த்துவிட்டு ‘ஃபாங்ஜி’ என்று மட்டும் எழுதியது ஏற்றுமதிச் சீட்டும் இறக்குமதிப் பட்டியலும். மக்கள் பெயரை முழுதாகக் கேட்டதால் எவரும் சாகவில்லை. பாதியாகக் கேட்டதால் செத்தனர். சீன அரசு 2004இல் குவாங் ஃபாங்ஜியைத் தன் மருந்துநூலிலிருந்து நீக்கியது. நீக்க முடிந்தது, ஏனெனில் அந்தப் பெயர் அங்கே தனித் தலைப்பாக இருந்தது.

அதே அரிஸ்டோலோக்கியாப் பேரினத்தின் செடியொன்று தமிழகக் கரிசல் வயல்களில் முளைக்கிறது. அதன் பெயர் ஆடுதின்னாப்பாளை. கிடைத்ததையெல்லாம் மேயும் ஆடு இதைத் தொடாது என்று மேய்ப்பர் எவரோ பார்த்து வைத்த பெயர் அது. அரிஸ்டோலோக்கிக் அமிலத்தைப் புற்றுநோய் விளைவிப்பன என்னும் முதல் வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்துள்ளது. ஆட்டின் விலக்கமும் அந்த வகைப்பாடும் ஒன்றென்று சொல்வது மிகைபடக் கூறலாகும். இச்செடியைச் சித்த மருத்துவம் பயன்படுத்தவும் செய்கிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கையைப் பெயருக்குள்ளேயே பொதிந்து தந்த மொழியிடமிருந்து அதைப் பெற்று, ரோமன் எழுத்தில் பதினைந்தெழுத்துக் குப்பையாக நான்காவது கட்டத்தில் கொட்டுவதற்கு ஆய்வு என்று பெயர் வைப்பது எப்படி?

டெங்குக் காய்ச்சல் பரவிய ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசு வழங்கிய நிலவேம்புக் குடிநீரை எடுத்துக்கொள்ளலாம். அதன் மருத்துவப் பயன் பற்றிய விவாதம் தனி. அது ஆய்வகத்திலும் மருத்துவமனையிலும் தீர வேண்டியது. இங்கே வேண்டுவது அதன் உறுப்புகள் மட்டும். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சுவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்குகள். இவற்றில் மூன்றாவது கட்டத்துச் சமஸ்கிருதத்தை நம்பிப் போனால் குறைந்தது மூன்றில் வழி தவறும். நிலவேம்பு சிராத்தா ஆகும். தமிழ் மருத்துவர் பற்படாகம் என்று கொள்வது மணற்பாங்கில் வளரும் மெல்லிய மொல்லுகோச் செடி; வடநாட்டில் பர்ப்படம் என்றால் ஃபியூமேரியா, கேரளத்திலோ ஓல்டன்லாண்டியா. மூன்றும் மூன்று குடும்பங்கள். விலாமிச்சு காட்டில் காணக்கிடைக்காமல், தமிழ்நாட்டில் பயிராக மட்டுமே தப்பிப் பிழைத்துவரும் செடி. அதற்கு ஈடாகச் சொல்லப்படும் வடமொழிப் பெயரின் கீழ் வடநாட்டுச் சந்தையில் கிடைப்பது பேவோனியா. இந்த ஒன்பதையும் ‘இணைப்பெயர்’ வழியே மொழிபெயர்த்துக் கலந்து ஆய்வகத்தில் சோதித்தால், பயன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அம்முடிவு நிலவேம்புக் குடிநீரைப் பற்றியதாக இராது. ஆதரிப்போருக்கும் எதிர்ப்போருக்கும் இது ஒருசேர உறைக்க வேண்டும்.

டி.என்.ஏ. பட்டைக்குறி வந்தபின் இந்தக் குழப்பம் தீர்ந்துவிட்டதாகக் கருதுவோர் உண்டு. 2015இல் வெளிவந்த, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு, ‘பலா’ என்ற வடமொழிப் பெயருக்குரிய சைடா கார்டிஃபோலியா என்று விற்கப்பட்ட சந்தை மாதிரிகளைச் சோதித்தது. ஒன்றுகூட அந்தச் சிற்றினம் இல்லை. 76 விழுக்காடு வேறு சைடாக்கள். எஞ்சியவை வேறு பேரினங்கள். அருமையான ஆய்வு, வேறு பேரினம் வந்தது சந்தையின் சீர்கேடு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த 76 விழுக்காட்டுக்குள் 12 விழுக்காடு சைடா அல்னிஃபோலியா. கேரள வைத்தியர் தலைமுறை தலைமுறையாகக் குறுந்தோட்டி என்று அறிந்து, அறிந்தே பயன்படுத்தும் செடி அது. பட்டைக்குறி இது எந்தச் செடி என்று சொல்லும். எந்தச் செடி இருந்திருக்க வேண்டும் என்று சொல்லாது. அதைச் சொல்வது அட்டவணையின் தலைப்பு. தலைப்பைக் கேள்வி கேட்காமல் கருவியைக் கூர்மையாக்கினால், கேரள வைத்தியரின் சரியான தெரிவும் ஏமாற்று வணிகரின் குப்பையும் ஒரே ‘போலி’ப் பட்டியலில் விழும்.

இதுவரை சொன்னது அறிவுத்துறைக்குள் அடங்கும் இழப்பு. 2023இல் திருத்தப்பட்டு 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இதைப் பொருளியல் இழப்பாகவும் ஆக்கியிருக்கிறது. 2002ஆம் ஆண்டின் மூலச்சட்டத்தின்படி உயிர்வளத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துவோர் அதன் பயனை அதைப் பேணிய மக்களோடு பகிர வேண்டும். இந்திய நிறுவனங்களும் இதற்குக் கட்டுப்பட்டவையே என்று உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. திருத்தச்சட்டம் ‘நூல்வழிப்பட்ட மரபறிவு’க்கு விலக்களித்தது. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் முதல் அட்டவணையில் குறிக்கப்பட்ட ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களிலிருந்து பெறப்படும் அறிவு அது.

பிலிகிரிரங்கன மலையிலோ சத்தியமங்கலத்திலோ ஒரு மூதாட்டி ஒரு செடியைத் தன் பெயரால் சுட்டி, எந்த நூலிலும் இல்லாத ஒரு பயனைச் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டால், அது வாய்வழி அறிவு. பகிர்வுக்கு அவரது ஊருக்கு உரிமை உண்டு. ஆய்வு மாணவர் அந்தப் பெயரை நான்காவது கட்டத்தில் எழுதுகிறார். மூன்றாவது கட்டத்தில் வழக்கம்போல் ஒரு சமஸ்கிருதப் பெயரைப் பொருத்துகிறார், சில நேரம் இலத்தீன் பெயரை வைத்துத் தேடிக் கிடைத்த முதற்பெயரை. அந்தப் பெயர் முதல் அட்டவணை நூல்களில் எங்கேனும் இருக்கும். அவ்வளவுதான்: மூதாட்டியின் அறிவு நூல்வழிப்பட்டது என்று வாதிட ஒரு நிறுவனத்துக்குக் கைப்பிடி கிடைத்துவிட்டது. அதைச் செய்து கொடுத்தவர் பெருமுதலாளி அல்லர். மேற்கோள் எண்ணிக்கைக்காகக் கட்டம் நிரப்பிய மாணவர். மூலிகைச் சாறு தயாரிக்கும் நிறுவனங்கள் நிறைந்த ஒரு நகரத்தில் இருந்துகொண்டு இதைச் சிறு குறை என்பது அறியாமை மட்டுமன்று.

மரபறிவு மின்னணு நூலகம் என்ற அரசுத் திட்டமும் இதே வழியில்தான் நடந்தது. 2001இல் தொடங்கிய அது, தமிழ்ச் சித்த நூல்கள் உள்ளிட்டவற்றை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் ஆக்கி, காப்புரிமை அலுவலகங்களுக்குத் திறந்துவிட்டது. அயல்நாட்டுக் காப்புரிமைகளைத் தடுக்க அது உதவியது உண்மை. ஆனால் தமிழிலிருந்து எடுத்ததைத் தமிழருக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு அதில் இல்லை. ஐந்தில் ஒன்றேனும் இந்திய மொழி இல்லை.

இதற்கு மாற்று வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. சென்னை திருவல்லிக்கேணியில் மருத்துவராயிருந்த மொய்தீன் ஷெரீப், மருந்துப் பொருள்களின் இந்திய மொழிப் பெயர்களை ஒழுங்குபடுத்துவதற்கென்றே 1869இல் இந்திய மருந்துநூலுக்கு ஒரு முழு இணைப்பு நூல் எழுதினார். பெயர் தவறினால் மருந்து தவறும் என்பது அன்றாடம் நோயாளியைப் பார்த்தவருக்குத் தெரிந்திருந்தது. அன்றில்லாத வசதிகள் இன்று உண்டு. சொன்னவரின் குரலைக் கைப்பேசியில் பதியலாம். பெயரை அதன் சொந்த எழுத்தில், அடைமொழி சிதையாமல், ஊரும் நாளும் குறித்து எழுதலாம். சொன்னவர் ஒப்பினால் அவர் பெயரோடு, அவர் கைகாட்டிய அதே செடியின் கிளையை ஹெர்பேரியத்தில் சான்று மாதிரியாக வைக்கலாம். சமஸ்கிருதப் பெயர் வேண்டுமெனில், எந்த நூலில் எந்த இடத்தில் உள்ளது என்று காட்டி, மற்ற மொழிகளுக்கு நடுவே ஒன்றாக நிறுத்தலாம். ‘பதிலி’, ‘போலி’ என்று எழுதுவோர், எந்த மொழியின் எந்தப் பெயருக்குப் பதிலி என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அதைச் சேர்த்தாலே பாதிப் போலிகள் மறைந்துபோகும்.

பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டு விதிகளில் பக்க ஓரத்தின் அகலம்கூட வரையறுக்கப்பட்டிருக்கிறது. இப்பருவத்தில் வாய்மொழித் தேர்வுக்கு அமரும் தேர்வாளர்கள், அட்டவணையின் நான்காவது கட்டத்திலிருந்து ஏதேனும் ஒரு பெயரைத் தொட்டு, அதை யார் சொன்னார், எங்கே சொன்னார் என்று கேட்கலாம். விடை வரவில்லையெனில் அந்த அட்டவணையைத் திருப்பி அனுப்பலாம்.